எண்ணி முடியாத அண்டங்களில் நிகழ்தகவு

பத்தாம் வகுப்பில் நிகழ்தகவு நடத்தும்போது, சாதகமான வாய்ப்புகளின் எண்ணிக்கையை மொத்த வாய்ப்புகளின் எண்ணிக்கையால் வகுக்கச் சொல்கிறோம். இதில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது: அந்த மொத்தம் முடிவுள்ள எண்ணாக இருக்க வேண்டும். பகடைக்கு 6, சீட்டுக்கட்டுக்கு 52 என்று இருப்பதால் மாணவர்கள் அதைக் கவனிப்பதில்லை. மொத்தமே முடிவிலியானால்? இன்றைய அண்டவியலின் தீராத சிக்கல்களில் ஒன்று இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. அதை அளவைச் சிக்கல் எனலாம்.

முதலில் கரும்பலகையில் ஒரு செயல்பாடு. 1, 2, 3, 4, 5, 6 என்று இயல் எண்களை எழுதி, இவற்றில் இரட்டை எண்களின் பங்கு எவ்வளவு என்று கேளுங்கள். பாதி என்பார்கள். அடுத்த வரியில் 1, 3, 2, 5, 7, 4, 9, 11, 6 என்று இரண்டு ஒற்றை எண்களுக்கு ஓர் இரட்டை எண்ணாக எழுதுங்கள். இப்போது பங்கு மூன்றில் ஒன்று. "சார், இதுல சில எண்ணு விட்டுப்போச்சு" என்று யாராவது சொல்வார்கள். எந்த எண் என்று அவரையே காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாது. 100 என்றால் அது 150ஆவது இடத்தில் இருக்கும். எண்கள் அதே எண்கள்தான். எண்ணிய வரிசை மட்டுமே மாறியது, விடையும் மாறிவிட்டது.

இனி அண்டத்துக்கு வருவோம். அண்டம் தோன்றிய தொடக்கத்தில், ஒரு வினாடியின் மிக நுண்ணிய பகுதிக்குள், வெளி திரும்பத் திரும்ப இரட்டித்து விரிந்தது என்ற பெருவீக்கக் கருத்தை ஆலன் கூத் 1981இல் வெளியிட்டார். ஆந்திரே லிண்டே, பால் ஸ்டைன்ஹார்ட் முதலியோர் அதைத் திருத்தி வளர்த்தனர். வீக்கம் ஓரிடத்தில் நின்றாலும் எல்லா இடத்திலும் நிற்பதில்லை என்பதை 1983இல் அலெக்சாண்டர் விலென்கின் காட்டினார். நின்ற இடம் ஒவ்வொன்றும் நம்முடையதைப் போன்ற ஒரு குமிழி அண்டம். கொதிக்கும் நீரில் குமிழிகள் எழுவதை நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இங்கே குமிழிகள் நீரைத் தீர்ப்பதற்குள் நீர் பெருகிவிடுகிறது. எனவே குமிழிகளுக்கு முடிவே இல்லை. (இது நேரில் கண்டறியப்பட்ட உண்மை அன்று. பெருவீக்கக் கோட்பாட்டின் பல வடிவங்களிலிருந்து பெறப்படும் முடிவு.)

நடக்கக்கூடியது எதுவும் இப்படிப்பட்ட பேரண்டத்தில் முடிவிலி முறை நடக்கும். அப்படியானால், "நாம் இதைக் காண்பதற்கு வாய்ப்பு அதிகம், அதைக் காண்பதற்குக் குறைவு" என்று கோட்பாடு எப்படிக் கணிக்கும்? முடிவிலியை முடிவிலியால் வகுத்தால் விடை இல்லை.

ஒரு குறிப்பிட்ட நேரம் வரை தோன்றியவற்றை மட்டும் எண்ணி, பிறகு அந்த நேரத்தைத் தள்ளிக்கொண்டே போகலாமே என்று தோன்றும். நல்ல யோசனைதான். ஆனால் இரட்டித்துப் பெருகும் உலகில் அது காலை வாருகிறது. 1, 2, 4, 8 என்று பத்து படிகள் பெருகினால் மொத்தம் 1023, அதில் கடைசிப் படியில் வந்தவை மட்டும் 512. இருபது படி, நூறு படி போனாலும் ஏறத்தாழப் பாதி கடைசிப் படியிலேயே இருக்கும். எல்லைக்கோட்டை எவ்வளவு தள்ளினாலும் அதன் பாதிப்பு குறையாது.

கூத் தரும் மதிப்பீட்டின்படி, ஒரு வினாடியில் குமிழிகள் பெருகும் மடங்கைக் குறிக்கும் எண்ணின் இலக்கங்களை எண்ணினாலே, தோராயமாக 4ஐ அடுத்து 36 சுழியங்கள் வரும். ஆகவே இந்தக் கணக்கில் இளைய அண்டங்களே எங்கும் நிறைந்திருக்கும். நம் அண்டத்தின் வயதோ சுமார் 1380 கோடி ஆண்டுகள். இதைவிட ஒரு வினாடி முன்னதாக அறிவுள்ள உயிர்கள் தோன்றிய அண்டங்கள் அத்தனை மடங்கு மிகுந்திருக்கும் என்றால், நாம் இருப்பது நம்பவே முடியாத விதிவிலக்கு ஆகிவிடும். அதனால் இந்த எண்ணும் முறையைக் கைவிட்டனர். நேரத்துக்குப் பதிலாக விரிவின் அளவைக் கொண்டு எல்லை வகுப்பது ஒரு மாற்று. ஒரு பார்வையாளரால் தொடர்புகொள்ளக்கூடிய பகுதியை மட்டும் எண்ணுவது இன்னொன்று. முறைக்கு முறை விடை வேறுபடுகிறது.

2011இல் கூத்தும் விட்டாலி வன்சூரினும் எழுப்பிய புதிர் வகுப்பறைக்கு மிகவும் ஏற்றது. எண்களை நம் வசதிக்கேற்ப அமைத்துக்கொள்வோம். முதலில் 2 பேர், ஒரு மணி கழித்து 4 பேர், அடுத்து 8 பேர் என்று வந்து தூங்கப் போகிறார்கள். ஒவ்வொருவரும் நாணயம் சுண்டுகிறார்கள். சரியாகப் பாதிப்பேருக்குத் தலை விழுகிறது என்று கொள்வோம். தலை என்றால் ஒரு மணி நேரத் தூக்கம், பூ என்றால் இரண்டு மணி நேரம். பத்தாம் மணியில் விழித்திருப்பவர்களை எண்ணினால் தலை விழுந்தவர் 1023, பூ விழுந்தவர் 511. சுண்டும்போது பாதிக்குப் பாதியாக இருந்த வாய்ப்பு, விழித்ததும் மூன்றில் இரண்டாக மாறிவிடுகிறது. இடையில் ஒரு புதிய செய்தியும் வரவில்லை!

இத்தகைய முரணைத் தவிர்க்க வேண்டுமானால் காலம் உண்மையிலேயே ஒருநாள் முடிந்துவிடும் என்று ஏற்க வேண்டும் என்று 2010இல் ரஃபேல் பூசோவும் மூன்று சக ஆய்வாளர்களும் வாதிட்டிருந்தனர். கூத்தும் வன்சூரினும் அதை ஏற்கவில்லை. பெருவீக்கக் கோட்பாட்டை உருவாக்கியோரில் ஒருவரான ஸ்டைன்ஹார்டோ, எதையும் கணிக்க முடியாத கோட்பாட்டைச் சோதிக்கவும் முடியாது என்று கூறி அதன் கடும் விமரிசகர் ஆனார். அவர் கேள்வியை எளிதில் ஒதுக்கிவிட முடியாது என்றே எனக்குத் தோன்றுகிறது.

வகுப்பில் இந்தத் தூக்கக் கணக்கைச் செய்த பிறகு, பூ விழுந்தவர்களின் தூக்கத்தை மூன்று மணி நேரமாக்கி, அதே பத்தாம் மணியில் மீண்டும் எண்ணச் சொல்லுங்கள். 1023க்கு 255 என்று வரவேண்டும்.