வலது ஓரமும் இடது ஓரமும்: சாங்டே – பிபின் சிங் ஓர் ஒப்பீடு

சுவரிதழில் இந்த முறை கவிதை, விடுகதை எல்லாம் மற்றவர்கள் எழுதிவிட்டார்கள். நான் கால்பந்து பற்றி எழுதுகிறேன். கால்பந்து பிடிக்காதவர்களும் படிக்கலாம், நடுவில் கொஞ்சம் கணக்கும் வருகிறது.

முன்னுரை

குறுவட்ட விளையாட்டுப் போட்டிக்கு நம்ம பள்ளிப் பெண்கள் கால்பந்து அணியை சார் தேர்வு செய்தார். நான் லெஃப்ட் அவுட் ஆடுகிறவள். என் பெயர் முதல் பதினோரு பேரில் இல்லை. "நீ ரெண்டாவது பாதியில இறங்குமா" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ரைட் அவுட் ஆடுகிற என் தோழி மட்டும் முதலிலேயே இறங்குகிறாள். "அவளை விட நான் என்ன சார் குறைச்சல்?" என்று கேட்டேன்.

சார் கோபப்படவில்லை. "ஒரே கிளப்ல ரெண்டு ஓரத்திலயும் ஆடின ரெண்டு பேரை எடுத்துக்கோ. யாருக்கு என்ன பலம்னு ஒப்பிட்டு எழுதிக் கொண்டா. அப்புறம் கோபப்படு" என்றார். அப்படி எழுதியதுதான் இந்தக் கட்டுரை. நான் எடுத்துக்கொண்டது மும்பை சிட்டி எஃப்.சி. அணியில் ஒன்றாக ஆடிய லாலியன்சுவாலா சாங்டே, பிபின் சிங் ஆகிய இருவரை.

ஓர ஆட்டக்காரர் வேலை என்ன?

பெரிய போட்டிகளில் மைதானம் வழக்கமாக 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம் இருக்கும். அகலத்தின் இரண்டு கடைசியிலும் கோட்டை ஒட்டி ஓடுகிறவர்கள்தான் ஓர ஆட்டக்காரர்கள். நாம் ரைட் அவுட், லெஃப்ட் அவுட் என்று சொல்கிறோம். இவர்களுக்கு மூன்று வேலை.

1. எதிரணியை அகலமாக விரிய வைப்பது. நனைந்த சேலையை இரண்டு பேர் இரண்டு முனையில் பிடித்து இழுத்தால் நடுவில் உள்ள மடிப்பெல்லாம் விலகும் இல்லையா, அது போல. இரண்டு ஓரத்திலும் ஆள் நின்றால் எதிரணி பேக்குகள் அந்தப் பக்கம் போயே ஆகணும். நடுவில் இடம் கிடைக்கும்.

2. பேக்கைத் தாண்டி ஓடி, கோல் முன்னால் நிற்கிறவருக்குப் பந்தைத் தூக்கிப் போடுவது. இதுதான் கிராஸ்.

3. தானே உள்ளே புகுந்து கோல் அடிப்பது.

பழைய காலத்தில் முதல் இரண்டு வேலைதான் முக்கியம். அதனால் வலது காலால் அடிக்கிறவர் வலது ஓரம், இடது காலால் அடிக்கிறவர் இடது ஓரம். இப்போது நிறைய அணிகளில் மாற்றிப் போடுகிறார்கள். இடது கால்காரர் வலது ஓரத்தில் நிற்பார். ஏன் என்று புரிய கோணமானி போதும்.

கணக்குப் பாடம்: கோல் எவ்வளவு பெரிசு?

கோல் கம்பங்களுக்கு நடுவில் இடைவெளி 7.32 மீட்டர். உயரம் 2.44 மீட்டர். இது எங்கே நின்று பார்த்தாலும் மாறாது. ஆனால் நமக்குத் தெரிகிற கோணம் மாறும்.

ஒரு தாளில் 1 செ.மீ. என்றால் 2 மீட்டர் என்று வைத்து வரையுங்கள். கோல் சுமார் 3.7 செ.மீ. கோடு. அதன் நடுவிலிருந்து நேராக 5.5 செ.மீ. தள்ளி ஒரு புள்ளி வையுங்கள். அது பெனால்டி அடிக்கிற இடம், கோலிலிருந்து 11 மீட்டர். அந்தப் புள்ளியிலிருந்து இரண்டு கம்பத்துக்கும் கோடு இழுத்துக் கோணத்தை அளந்தால் சுமார் 37 பாகை வரும்.

இப்போது அதே புள்ளியிலிருந்து பக்கவாட்டில் 10 செ.மீ. நகர்ந்து (20 மீட்டர்) இன்னொரு புள்ளி வைத்து அளந்து பாருங்கள். 9 பாகைதான் வரும்! இன்னும் தள்ளி, மைதானத்தின் ஓரக் கோட்டுக்கே போனால் 4 பாகைகூட இல்லை.

அதாவது ஓரத்தில் நிற்கிறவருக்குக் கோல் ஒரு கீற்றாகத்தான் தெரியும். உள்ளே வர வர அது விரியும். வலது ஓரத்திலிருந்து உள்ளே வரும்போது பந்து இடது கால் பக்கம் இருக்கும். இடது கால்காரர் அப்படியே அடிக்கலாம். வலது கால்காரர் என்றால் பந்தை மாற்றணும், அதற்குள் பேக் வந்துவிடுவார். இதுதான் மாற்றிப் போடுவதன் ரகசியம்.

சாங்டேயின் பலம்

சாங்டே 1997-ல் மிசோரமில் பிறந்தவர். 2015-ல் 18 வயதிலேயே தெற்காசியக் கால்பந்துப் போட்டியில் நேபாளத்துக்கு எதிராக இந்தியாவுக்காக இரண்டு கோல் அடித்தார். நமக்கும் இவர் பழக்கம்தான். 2019 முதல் 2022 தொடக்கம் வரை சென்னையின் எஃப்.சி. அணியில் ஆடினார். 2020 மார்ச் 14-ல் கோவாவில், கொரோனா பயத்தால் ரசிகர்களே இல்லாமல் நடந்த ஐ.எஸ்.எல். இறுதிப் போட்டியில் சென்னை 1–3 என்று தோற்றது. அந்த அணியிலும் இவர் இருந்தார். 2022 ஜனவரியில் மும்பைக்குப் போனார்.

இவருடைய முதல் பலம் வேகம். இரண்டாவது, இடது கால்காரராக வலது ஓரத்தில் நிற்பது. பேக் நெருங்கி வந்தால் ஓரமாக ஓடிவிடுவார். பேக் தள்ளி நின்றால் உள்ளே வெட்டி அடித்துவிடுவார். பேக்குக்கு இரண்டும் ஆபத்து. 2022–23 ஐ.எஸ்.எல்.-ல் 10 கோல் அடித்தார். மும்பை அந்த ஆண்டு லீக் ஷீல்டை வென்றது. சாங்டே அந்த ஆண்டின் சிறந்த இந்திய ஆட்டக்காரர் விருதும் வாங்கினார்.

மூன்றாவது பலம்தான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. களைக்க மாட்டார். 2024 ஏப்ரல் 24, கோவாவில் அரையிறுதி முதல் ஆட்டம். 90-வது நிமிடம் வரைக்கும் எஃப்.சி. கோவா 2–0 முன்னிலை. 90-ல் சாங்டே ஒரு கோல். அடுத்த நிமிடமே விக்ரம் பிரதாப் சிங் ஒரு கோல். கூடுதல் நேரத்தின் 6-வது நிமிடம் மறுபடி சாங்டே! மும்பை 3–2. ஆட்டம் முடிந்தது என்று எழுந்து போனவர்கள் பாவம்.

பிபின் சிங்கின் பலம்

பிபின் சிங் 1995-ல் பிறந்தவர், மணிப்பூர்க்காரர். 2018-ல் மும்பைக்கு வந்தார். இடது ஓரம். சாங்டே அளவுக்கு இவர் பெயரைச் சொல்கிறவர்கள் குறைவு. என் தம்பிக்கே சாங்டே தெரியும், பிபின் தெரியாது.

ஆனால் கணக்கைப் பாருங்கள். 2021 பிப்ரவரி 24-ல் ஒடிசாவை மும்பை 6–1 என்று வென்றபோது ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் அடித்தார். 2021 மார்ச் 13 இறுதிப் போட்டி, எதிரணி ஏ.டி.கே. மோகன் பகான். 1–1 என்று இருக்கிறது. 90-வது நிமிடம் ஓக்பெச்சே கொடுத்த பந்தைப் பிபின் கோலாக்கினார். மும்பை 2–1. ஒரே ஆண்டில் ஷீல்டும் கோப்பையும் சேர்த்து வென்ற முதல் ஐ.எஸ்.எல். அணி அதுதான்.

பிபினின் பலம், சரியான நேரத்தில் சரியான இடத்துக்கு வந்து சேர்வது. பந்து வலது பக்கம் இருக்கும்போது எதிரணி பேக்குகள் எல்லாரும் பந்தையே பார்ப்பார்கள். அப்போது இடது ஓரக்காரர் சத்தமில்லாமல் தூரக் கம்பத்துப் பக்கம் வந்துவிட்டால் அவரை யாரும் கவனிக்க மாட்டார்கள். மேலே வரைந்த கோணத்தை நினைத்துப் பாருங்கள். சாங்டே பந்தோடு உள்ளே வந்து கோணத்தைப் பெரிசாக்குகிறார். பிபின் பந்து இல்லாமலே ஓடி அந்தக் கோணத்துக்குள் போய் நிற்கிறார். பந்தோடு ஓடுவது எல்லார் கண்ணுக்கும் தெரியும். பந்து இல்லாமல் ஓடுவது தெரியாது.

சுருக்கமாக ஒப்பீடு

ஓரம்: சாங்டே வலது, பிபின் இடது.
முக்கிய ஆயுதம்: சாங்டேக்கு வேகமும் இடது காலும். பிபினுக்கு நேரம் பார்த்து வருவது.
எதிரணிக்குத் தொல்லை: சாங்டேயைப் பார்த்துக்கொண்டே இருக்கணும். பிபினைப் பார்க்க மறந்துவிடக் கூடாது.
மும்பையில் வென்றவை: சாங்டே ஒரு ஷீல்டு, ஒரு கோப்பை. பிபின் இரண்டு ஷீல்டு, இரண்டு கோப்பை.

(பிபின் 2025-ல் மும்பையை விட்டு ஈஸ்ட் பெங்கால் அணிக்குப் போய்விட்டார். அதனால் இது அவர்கள் சேர்ந்து ஆடிய காலத்து ஒப்பீடு.)

நான் பார்த்த ஒரு ராத்திரி

2024 மே 4. பரீட்சை லீவில் விருத்தாசலத்தில் மாமா வீட்டில் இருந்தேன். மாமா பீங்கான் கம்பெனியில் வேலை செய்கிறார். அன்று இரவு அவர் செல்போனில் இறுதிப் போட்டி பார்த்தோம். கொல்கத்தா சால்ட் லேக் மைதானம், மோகன் பகானின் சொந்த ஊர். மூன்று வாரத்துக்கு முன் அதே மைதானத்தில்தான் மும்பை 1–2 தோற்று ஷீல்டை விட்டிருந்தது.

சாங்டே முதலிலேயே இறங்கினார். பிபின் பெஞ்சில். முதல் பாதி முடிகிற நேரம் மோகன் பகான் ஒரு கோல். இடைவேளைக்கு அப்புறம் மும்பை சமன் செய்தது. பிறகு பிபின் மாற்று ஆட்டக்காரராக வந்தார். 81-வது நிமிடம் கோல் அடித்தது யார்? பிபின்! கடைசியில் இன்னொரு கோலும் சேர்ந்து 3–1. கோப்பை மும்பைக்கு. நான் கத்தின கத்தில் அத்தை எழுந்து வந்துவிட்டாங்க.

அப்போது மாமா ஒன்று சொன்னார். "நாங்க பொம்மை வார்க்கிற அச்சு ரெண்டு பாதியா இருக்கும், பாப்பா. ஒண்ணு முகம், ஒண்ணு முதுகு. ரெண்டும் ஒண்ணுபோல இருந்தா பொம்மை வராது. முகம்தான் ஒசத்தின்னு முதுகு அச்சைத் தூக்கிப் போட்டா களிமண் கீழ ஊத்திடும்."

அன்று சிரித்துவிட்டு விட்டேன். இந்தக் கட்டுரைக்காக யோசித்தபோதுதான் அது எனக்கே சொன்ன மாதிரி இருந்தது.

உங்களுக்குத் தெரியுமா?

கால்பந்து ஆண்கள் விளையாட்டு, வடகிழக்குக்காரர்கள் விளையாட்டு என்று நினைக்காதீர்கள். இந்திய மகளிர் அணிக்கு ஆடிய இந்துமதி கதிரேசன் நம்ம கடலூர்க்காரர். தமிழ்நாடு காவல்துறையில் வேலை. இந்தியாவுக்கு ஆடிய சந்தியா ரங்கநாதன் நம்ம பண்ருட்டிக்காரர். இருவரும் மதுரை சேது எஃப்.சி. அணிக்கும் ஆடியிருக்கிறார்கள். சேது 2019-ல் இந்திய மகளிர் லீக் பட்டம் வென்ற அணி. ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து பண்ருட்டி எவ்வளவு தூரம்? பஸ் ஏறினால் போய்விடலாம்!

முடிவுரை

சார் கேட்ட கேள்விக்கு என் பதில் இது. சாங்டேயா பிபினா, யார் பெரியவர் என்று கேட்பது தப்பான கேள்வி. இந்த ஆட்டத்துக்கு, இந்த நேரத்துக்கு எந்தப் பலம் வேணும் என்பதுதான் சரியான கேள்வி. முதல் நிமிடத்திலிருந்து எதிரணியை ஓட வைக்க ஒருவர் வேணும். எதிரணி களைத்த பிறகு புதுக் காலோடு உள்ளே போக ஒருவர் வேணும்.

என் தோழி என்னை விட வேகம். அவளைத் துரத்தித் துரத்தி எதிரணிப் பிள்ளைகளுக்கு மூச்சு வாங்கும். எனக்கு அவ்வளவு வேகம் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவள் வலது பக்கம் பந்தோடு போகும்போது எந்த நிமிடம் கிராஸ் போடுவாள் என்று எனக்குத் தெரியும். இரண்டு வருஷமாகச் சேர்ந்து ஆடுகிறோமே! ஆகையால் இப்போது பெஞ்சில் உட்கார்ந்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள மாட்டேன். எதிரணி ரைட் பேக் எப்போது தலையைத் திருப்புகிறாள் என்று எண்ணிக்கொண்டே இருப்பேன்.

ஆனால் சார், ஒரு வேண்டுகோள். இரண்டாவது பாதி என்று சொன்னீங்களே, அது கடைசி இரண்டு நிமிடமாக ஆகிவிடக் கூடாது. பிபினுக்குக்கூட கோல் அடிக்கக் கொஞ்சம் நேரம் கொடுத்தாங்க.

தோழிகளே, உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். நம்ம அணியில் இப்போது மொத்தமே பன்னிரண்டு பேர்தான். ஒருத்திக்குக் காய்ச்சல், ஒருத்திக்கு வீட்டில் விடவில்லை என்றால் அன்றைக்கு அணியே இல்லை. ஓடத் தெரிந்தால் போதும், மீதியை நாங்க சொல்லித் தருகிறோம். வேகமாக ஓடுகிறவளும் வரலாம், மெதுவாக ஓடி நேரம் பார்க்கிறவளும் வரலாம். சாயங்காலம் மணி அடித்ததும் வேப்பமரத்தடியில் இருப்போம்.

செய்து பார்க்க: மேலே சொன்ன கோணங்களை வரைந்து அளந்து கணக்கு ஆசிரியரிடம் காட்டுங்கள். பிறகு மைதானத்தில் அதே இடங்களில் நின்று பந்து அடித்துப் பாருங்கள். பத்தில் எத்தனை கோல் விழுகிறது என்று எழுதி வையுங்கள்.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி, லெஃப்ட் அவுட் (இரண்டாவது பாதி)