போட்டோ வாங்கும் முன்… மாட்டும் முன்…

ஓவியம் என்றால் உலகத்துக்கே ஒன்றுதான். போட்டோவையோ எத்தனை முறை வேண்டுமானாலும் அச்சிடலாம். அப்படியிருக்க, ஒரு கலைஞரின் படத்துக்கு ஆயிரக்கணக்கில் எதற்குக் கொடுக்க வேண்டும்? அவரே பார்த்துப் பார்த்து, தேர்ந்த காகிதத்தில், இத்தனை பிரதிகள்தான் என்று கணக்கு வைத்து எடுத்த பிரிண்ட் என்பதற்காகத்தான். கடலோர ஊர்களில் அந்தக் காகிதத்தைக் காப்பாற்றுவது, வாங்குவதைவிடப் பெரிய வேலை.

1. முதலில் காசு செலவழிக்காமல் நிறையப் பாருங்கள். 2016-ல் தொடங்கிய சென்னை போட்டோ பினாலே, பூங்கா, ரயில் நிலையம் போன்ற பொது இடங்களுக்கே படங்களைக் கொண்டுவந்தது. பெங்களூரு கஸ்தூர்பா சாலையில் 2023-ல் திறக்கப்பட்ட கலை மற்றும் புகைப்பட அருங்காட்சியகத்துக்கும் ஒரு நடை போய் வரலாம். செல்போன் திரையில் எல்லாப் படமும் பளபளக்கும். கறுப்பின் ஆழமும் காகிதத்தின் சொரசொரப்பும் நேரில்தான் தெரியும்.

2. பட்ஜெட் சின்னதா? போட்டோ புத்தகத்தில் ஆரம்பியுங்கள். புகைப்படக் கலைஞர் தயனிதா சிங்கின் ‘மியூசியம் பவன்’ (2017) ஒரு பெட்டிக்குள் விசிறி மடிப்பாக ஒன்பது குட்டிப் புத்தகங்கள் கொண்டது. விரித்து அலமாரியில் நிறுத்தினால் வீட்டிலேயே கண்காட்சி. சலித்தால் வேறு பக்கத்தை விரித்து வைக்கலாம். சுவரில் ஆணியே வேண்டாம்.

3. வாங்கும்போது கூச்சப்படாமல் கேளுங்கள். பிரிண்டின் ஓரத்திலோ பின்புறமோ 3/10 என்று எழுதியிருந்தால், பத்தில் மூன்றாவது என்று பொருள். ஏ.பி. என்றிருந்தால் கலைஞர் தனக்கென எடுத்துக்கொண்ட பிரதி. அவை எத்தனை என்றும் கேளுங்கள். முக்கியமான கேள்வி இனிமேல்தான்: அந்தப் பத்து, இந்த அளவுக்கு மட்டுமா, எல்லா அளவுக்கும் சேர்த்தா? அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் வில்லியம் எகிள்ஸ்டன், வரையறுத்து விற்ற பழைய படங்களையே 2012-ல் பெரிய அளவில், வேறு முறையில் அச்சிட்டு ஏலத்துக்கு விட்டார். பழைய பிரிண்ட் வைத்திருந்த ஒருவர் வழக்குப் போட்டார். 2013-ல் அது தள்ளுபடியானது. ஆகவே, பதிலை வாய்வார்த்தையாக விடாமல் எழுதி வாங்குங்கள்.

4. எண் இல்லாத பிரிண்ட் எல்லாம் மட்டம் என்று ஒதுக்க வேண்டாம். இன்னொரு அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆன்செல் ஆடம்ஸ் 1941-ல் அந்நாட்டின் ஹெர்னாண்டஸ் கிராமத்தின் மேல் நிலா எழுவதை எடுத்த படத்தை, எண்ணிக்கை எதுவும் வைக்காமல் பல பத்தாண்டுகள் அச்சிட்டுக்கொண்டே இருந்தார். பின்னாளில் எடுத்த பிரிண்டுகளில் வானம் கன்னங்கரேல் என்று மாறிவிட்டது. ஒரே நெகட்டிவ்தான், ஆனாலும் இரண்டு வேறு படங்கள். எனவே, படம் எடுத்த ஆண்டோடு அச்சிட்ட ஆண்டையும் கேட்பது நல்லது.

5. காகிதமும் மையும் என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். கறுப்பு வெள்ளையில், முறையாக அலசப்பட்ட ஃபைபர் பேப்பர் சில்வர் ஜெலட்டின் பிரிண்ட் நெடுங்காலம் உழைக்கும். டிஜிட்டல் என்றால் பருத்திக் காகிதத்தில் பிக்மென்ட் மை. சாதாரண ‘டை’ மையில் அச்சிட்டது வெளிச்சத்தில் சீக்கிரமே வெளிறும். பில்லில் வெறுமனே ‘போட்டோ பிரிண்ட்’ என்று போட்டிருந்தால், திருப்பிக் கொடுத்து விவரமாக எழுதச் சொல்லுங்கள்.

6. லேமினேஷன் வேண்டவே வேண்டாம். ‘தண்ணி பட்டாலும் ஒண்ணும் ஆகாதுங்க’ என்பார் பிரேம் கடைக்காரர். கல்யாண போட்டோவுக்குச் சரி. கலைஞரின் பிரிண்டைப் பலகையில் ஒட்டி மேலே பிளாஸ்டிக் ஏற்றிவிட்டால், பிறகு பிரிக்க வழியில்லை, விற்கவும் முடியாது.

7. பிரேம் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. ஈரக்காற்றில் பிரிண்டின் மேற்பரப்பு இளகிக் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். அதனால் இரண்டுக்கும் நடுவே மவுண்ட் போர்டு இருந்தே ஆக வேண்டும், அதுவும் அமிலம் இல்லாததாக. மலிவான போர்டின் வெட்டிய ஓரம் சில வருடங்களில் பழுப்பேறி, அந்தக் கறை படத்திலும் இறங்கிவிடும். செல்லோ டேப்பும் ஃபெவிகாலும் பிரிண்டைத் தொடக்கூடாது. நான்கு மூலையிலும் போட்டோ கார்னர் போடச் சொல்லுங்கள். பின்பக்கம் பிளைவுட்தான் என்று கடைக்காரர் அடம்பிடித்தால், நடுவில் அமிலமற்ற அட்டை ஒன்றையாவது வைக்கச் சொல்லுங்கள். பிரேமின் கீழ் மூலைகளில் இரண்டு ரப்பர் புஷ் ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று ஓடும். இதற்குச் செலவு சில ரூபாய்தான், ஆனால் யாரும் செய்வதில்லை!

8. புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி போட்டாயிற்றே என்று ஜன்னலுக்கு எதிரே மாட்டாதீர்கள். கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் நிறத்தைத் தின்னும். மழையில் ஓதம் ஏறும் வெளிச்சுவர், குளியலறையை ஒட்டிய சுவர், தாளிப்புப் புகை வரும் இடம், ஊதுவத்தி ஏற்றும் பூஜை அலமாரிக்கு அருகே – இவையும் கூடாது.

9. தாத்தா படத்தை நிலைக்கு மேலே சாய்த்து மாட்டிய பழக்கத்தில், எல்லாப் படத்தையும் உத்தரத்தை ஒட்டியே மாட்டுகிறோம். படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 57 முதல் 60 அங்குலத்துக்குள் இருந்தால் நின்று பார்க்க வாகாக இருக்கும். சோபாவுக்கு மேலே என்றால் இன்னும் சற்று இறக்கலாம்.

10. சுவர் அழகாக இருந்தால் போதும் என்பவர்கள் சேகரிப்பாளர் விலை கொடுக்கத் தேவையில்லை. 1858-ல் லினேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி மதுரை, தஞ்சைக் கோயில்களை எடுத்த படங்களுக்குக் காப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. இப்படிக் காப்புரிமை முடிந்த படங்களை நியூயார்க் மெட்ரோபாலிட்டன் போன்ற அருங்காட்சியகங்கள் இலவசமாகவே இறக்கிக்கொள்ளத் தருகின்றன. நல்ல லேபில் பருத்திக் காகிதத்தில் அச்சிட்டால் முடிந்தது. அதை யாரிடமும் ‘ஒரிஜினல்’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

11. காரைக்குடி பழம்பொருள் கடைகளில் பழைய ஸ்டுடியோ படங்கள் கிடைக்கும். வாங்கினால் ஸ்டுடியோ பெயர் அச்சிட்ட அட்டையை வெட்டி எறியாதீர்கள்; பாதி வரலாறு அதில்தான் இருக்கிறது.

12. பிரிண்ட் உங்களுடையது, காப்புரிமை கலைஞருடையது. காலண்டரிலோ கடை விளம்பரத்திலோ போட வேண்டுமானால் தனி அனுமதி வாங்க வேண்டும். பில், கையெழுத்திட்ட சான்றிதழ், பிரிண்டின் இருபுறமும் எடுத்த செல்போன் படம் மூன்றையும் ஒரே ஃபைலில் போட்டு வையுங்கள்.

13. ஐப்பசி, கார்த்திகை அடைமழை ஓய்ந்ததும் எல்லாப் படங்களையும் இறக்கி, பின்பக்கம் பாருங்கள். ராமபாணப் பூச்சி அங்கேதான் குடியிருக்கும். கண்ணாடிக்கு உள்ளே வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் அது பூஞ்சை. ஈரத்துணியால் துடைக்காதீர்கள், வெயிலிலும் காயப்போடாதீர்கள். கண்ணாடியோடு ஒட்டிய பிரிண்டை இழுத்தால் படலம் கண்ணாடியிலேயே தங்கிவிடும். பிரேமோடு அப்படியே காகிதப் பாதுகாப்பு தெரிந்தவரிடம் எடுத்துப் போங்கள்.