ஆக்ராவிலிருந்து சென்ற மடல்

பர்யுஷணப் பர்வம் நிறைவுற்றதும் சுவேதாம்பரச் சங்கத்தார் அயலூரில் தங்கியுள்ள ஆசாரியருக்கு மடல் விடுப்பது பண்டைய வழக்கம். ஓராண்டில் அறிந்தும் அறியாமலும் இழைத்த பிழைகளைப் பொறுத்தருள வேண்டி, வரும் சாதுர்மாஸத்தைத் தம் ஊரில் கழிக்குமாறு பணிந்து அழைக்கும் இம்மடலுக்கு விஞ்ஞப்தி பத்திரம் என்று பெயர். திகம்பர நெறி நிற்கும் தமிழ்ச் சமணராகிய நமக்கு இவ்வழக்கம் புதிது. எனினும், அவற்றுள் ஒன்றையேனும் நாம் அறிந்திருத்தல் நலம்.

1610-இல் ஆக்ரா சங்கத்தார் தேவபாட்டணத்திலிருந்த விஜயசேன சூரிக்கு அனுப்பிய ஓவியச் சுருளே அது. வரைந்தவர் ஜஹாங்கீரின் அரண்மனை ஓவியர் உஸ்தாத் சாலிவாகனர். உஸ்தாத் எனில் ஆசான் என்பது பொருள்.

அவ்வாண்டு விவேகஹர்ஷர், உதயஹர்ஷர் என்னும் முனிவர்கள் அரசவையை அணுகி, பர்யுஷண நாள்கள் பன்னிரண்டிலும் உயிர்க்கொலையை விலக்கும் ஆணையைப் பெற்றனர். அவர்களுக்குத் துணை நின்றவர் இராஜா இராமதாசர். விஜயசேனரின் குருவாகிய ஹீரவிஜய சூரியை 1583-இல் பதேபூர் சிக்ரியில் வரவேற்ற அக்பரும் இத்தகைய ஆணை பிறப்பித்திருந்தார். தந்தை தொடங்கிய அறத்தை மகன் தொடர்ந்த அக்காட்சியே சுருளில் இடம்பெற்றது.

ஆசிரியப் பயிற்சியில், மாணவர் முன் படத்தை வைத்தால் விளக்கத்தைப் பின்னர்க் கூறி, முதலில் அவர்களைக் காணவிடுக என்பர். அவ்வாறே நாமும் முகங்களைக் காண்போம். மேற்கிந்தியச் சமண ஏட்டோவியங்களில் முகங்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை போன்றவை. முகக்கோட்டைக் கடந்து புடைத்து நிற்கும் கண் அவற்றின் அடையாளம். இன்னார் இவர் என முகத்தால் அறிதல் அரிது. சாலிவாகனரோ முகலாய அவையில் பயின்ற உருவ ஓவியக் கலையைச் சங்கத்தாரின் மடலுக்குக் கொணர்ந்தார். சாளரத்தில் வீற்றிருக்கும் அரசரும், கீழே நிற்கும் அவையினரும், வெண்ணிற ஆடை முனிவரும் தத்தம் சாயலுடன் விளங்குகின்றனர். ஆள்களின் பெயர்களும் எழுதப்பட்டுள்ளன. அரசவைக்காகத் தீட்டும் படத்தில் அரசரின் பெருமையே முதலிடம் பெறும். இங்கோ கையில் ஆணையேந்திய துறவியரையும் நம் கண் தேடிச் செல்கிறது.

ஓவியர் அவ்வேளையில் தாம் கண்டவாறே, கண்ட உணர்வோடு வரைந்தார் என்னும் குறிப்பும் அதில் உள்ளது. எவ்வளவு அரிய சொல்! தொலைவிலிருந்த ஆசாரியர் ஆணையைச் செவியால் மட்டுமன்றிக் கண்ணாலும் அறிந்திருப்பார். நமக்கும் அது வெறும் அலங்காரமன்று, நேரில் கண்டவரின் சான்று.

ஆயினும் அரசரின் மனம் நிலையானதன்று. இதே ஜஹாங்கீர் பின்னாளில் சமணத் துறவியர்மீது சினங்கொண்டு, அவர்களை நாட்டினின்று வெளியேற்ற ஆணையிட்டதைத் தம் நினைவேட்டிலேயே எழுதியுள்ளார். அன்று அவைக்களத்தில் நின்றோர் எவரும் அதனை எண்ணியிருக்க மாட்டார்.

சாலிவாகனர் சமணருக்காக மீண்டும் தூரிகை எடுத்தார். 1624-இல் அவர் ஓவியந்தீட்டிய ஏடு சாலிபத்திரரின் சரிதம். பெருஞ்செல்வத்தில் வளர்ந்த அவ்வணிக மகன், தனக்கு மேலும் ஓர் அரசன் உளன் என்பதை அறிந்த அன்றே உள்ளம் மாறித் துறவை நாடியவன்.