ஒரு பிழையை எத்தனை இடத்தில் திருத்துவது?

பதினொன்றாம் வகுப்பில் சி++ மரபுரிமம் நடத்தும்போது, ‘மாணவர்’ என்னும் அடிப்படை இனக்குழுவிலிருந்து அறிவியல், கலை, தொழிற்கல்வி என மூன்று இனக்குழுக்களைத் தருவிப்பது என் வழக்கம். ஒருமுறை அதே நிரலைக் கொண்டு பள்ளித் தேர்வில் முதலிடம் பெற்றோர் பட்டியலையும் தயாரித்தேன். முதலிடம் காணும் செயற்கூறை அறிவியல் பிரிவுக்கு எழுதி, நகலெடுத்து, மற்ற இரண்டுக்கும் இனக்குழுவின் பெயரை மட்டும் மாற்றினேன்.

இருவர் ஒரே மதிப்பெண் பெற்றால் அது ஒருவரை மட்டுமே காட்டியது. பிழையைக் கண்டதும் அறிவியலிலும் கலையிலும் திருத்தினேன், தொழிற்கல்வியை மறந்துவிட்டேன். தகவல் பலகையைப் பார்த்த ஒரு மாணவி, “நானும் அதே மார்க்தானே சார்?” என்று கேட்டபோது தலைகுனிந்தேன்.

இப்போது அதையே பாடமாக்குகிறேன். மூன்று செயற்கூறுகளையும் தாளில் கொடுத்து, வேறுபடும் சொற்களை அடிக்கோடிடச் சொல்கிறேன். இனக்குழுவின் பெயர் மட்டுமே சிக்கும்.

“அப்படியானால் அடிப்படை இனக்குழுவின் சுட்டை அளபுருவாக வைத்தால் போதாதா சார்?” என்று ஒருவராவது கேட்பார். நல்ல கேள்வி. ஒரு மாணவரின் மொத்த மதிப்பெண்ணை அறிய அது போதும். மாணவர்களின் அணிக்குப் போதாது. தருவிக்கப்பட்ட பொருளில் கூடுதல் தரவு உறுப்புகள் இருப்பதால் அது நினைவகத்தில் அதிக இடம் எடுக்கும். அடிப்படைச் சுட்டோ அடிப்படைப் பொருளின் அளவுக்கே நகரும். ஆகவே இரண்டாம் மாணவரிடம் போய்ச் சேராமல் முதல் மாணவரின் தரவுக்குள்ளேயே நிற்கும். நிரல்பெயர்ப்பி பிழை காட்டாது, விடைதான் தவறாகும்.

இங்கே உதவுவது டெம்ப்ளேட் எனப்படும் வார்ப்புரு. அடிக்கோடிட்ட இடங்களில் ‘டி’ என்னும் பொதுப்பெயரை எழுதி, செயற்கூறின் தலையில் அதை அறிவித்தால் போதும். எந்த இனக்குழுவின் அணியைக் கொடுத்து அழைக்கிறோமோ, அதற்குரிய செயற்கூறை நிரல்பெயர்ப்பியே உருவாக்கிக்கொள்ளும். மொத்த மதிப்பெண் தரும் செயற்கூறு இல்லாத இனக்குழுவைக் கொடுத்தால், நிரல் இயங்கும் முன்பே பிழை காட்டிவிடும்.

எல்லாவற்றுக்கும் வார்ப்புரு வேண்டியதில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். ஒவ்வொரு பொருளும் ஒரே விதமாகச் செய்யும் வேலை அடிப்படை இனக்குழுவில் இருக்கட்டும். வேலை ஒன்றாக இருந்து, கையாளும் தரவினம் மட்டும் மாறும்போது வார்ப்புருவை நாடலாம்.

பாடத்தின் முடிவில் மாணவர்களிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: “இதில் ஒரு பிழை இருந்தால் எத்தனை இடத்தில் திருத்துவீர்கள்?” ‘ஒன்று’ என்று பதில் வந்தால் பாடம் புரிந்துவிட்டது.