எந்தச் சத்தத்துக்கு?

கரவனெல்ல

அன்புள்ள மருமகளுக்கு,

நீ அனுப்பிய மூன்று ஹெட்போன் படங்களையும் பார்த்தேன். எதை வாங்குவது என்று கேட்டிருந்தாய். எந்தச் சத்தம் உன் படிப்பைக் கெடுக்கிறது என்று முதலில் யோசி.

இரைச்சலை அடக்கும் இந்த வகை ஹெட்போனில் உள்ள மைக் வெளிச்சத்தத்தைக் கேட்டு, அதற்கு நேர் எதிரான அலையை உண்டாக்கி இரண்டையும் மோதவிடுகிறது. ஒரே சீராக உறுமும் தடித்த சத்தத்தைத்தான் அது நன்றாக அடக்கும். கொழும்பு பஸ்ஸின் என்ஜின் இரைச்சல் குறையும், கண்டக்டரின் கூப்பாடு குறையாது. போர்டிங்கில் மின்விசிறி அடங்கும், கூட்டாளிகளின் பேச்சு காதில் விழுந்துகொண்டேதான் இருக்கும். லயத்துக்கு வந்தால் பக்கத்துக் காம்பராவின் டீவி நாடகமும் அப்படித்தான். 1978இல் விமானத்தில் வரும்போது இந்த வகை ஹெட்போனுக்குக் கணக்குப் போட்டவர் அமர் போஸ். வெள்ளைக்காரனிடமிருந்து தப்பி அமெரிக்கா போன வங்காளி ஒருவரின் மகன். 1989இல் அவர் கம்பெனி இதை முதலில் விற்றதும் விமானிகளுக்குத்தான். டீவி நாடகத்தை நினைத்து யாரும் செய்யவில்லை!

பேச்சுச் சத்தம்தான் தொல்லை என்றால் இவ்வளவு காசு போடாதே. காதில் இறுக்கமாக உட்காரும் ரப்பர் முனை வைத்த வயர் இயர்போனே போதும். பஸ்தான் காரணம் என்றால் தாராளமாக வாங்கு. இரைச்சலை மீறிக் கேட்க வால்யூமைக் கூட்டிக்கொண்டே போவதுதான் காதுக்குக் கேடு. வாரத்துக்கு 40 மணித்தியாலம், 80 டெசிபல் என்பது உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வைத்திருக்கும் வரம்பு.

கடையில் பெட்டியைப் பார்த்து ஏமாறாதே. 'ஈ.என்.சி.' என்று மட்டும் போட்டிருந்தால், நீ போன் பேசும்போது எதிர்முனையில் இருப்பவருக்கு உன் குரல் தெளிவாகப் போகும், அவ்வளவுதான். உனக்குத் தேவை, எதிர் அலையால் இரைச்சலை அடக்கும் 'ஏ.என்.சி.' பாட்டுப் போடாமல் மாட்டிக்கொண்டு, ஓடுகிற ஃபேன் பக்கத்தில் நின்று அதை ஆன், ஆஃப் செய்து பார். வித்தியாசம் தெரியாவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடு. கண்ணாடியைக் கழற்றாமலே மாட்டிப் பார். கண்ணாடிக் காம்பு ஹெட்போனின் காது மெத்தையைத் தூக்கினால் அந்த இடுக்கு வழியாக இரைச்சல் உள்ளே வந்துவிடும்.

பெட்டரிக் கணக்கிலும் கவனம். நீ அனுப்பியதில் சவுண்ட்கோர் கியூ20ஐ 60 மணித்தியாலம் என்பது ஏ.என்.சி. போடாமல். போட்டால் 40. சோனி சி.எச்.720என் அதைப் போட்டே 35 மணித்தியாலம் தரும், எடையும் 192 கிராம்தான். எனக்குப் பிடித்தது அது. ஆனால் விலை கூடுதல், அதனால் கட்டாயப்படுத்த மாட்டேன். இரண்டிலும் வயர் செருகலாம், சார்ஜ் தீர்ந்தாலும் கேட்கலாம். மூன்றாவது படத்தில் பெயரே தெளிவாக இல்லை, அதை விட்டுவிடு.

பில் கேட்டு வாங்கு. கடைக்காரர் தகராறு செய்தால் நுகர்வோர் அதிகார சபைக்கு 1977 என்ற எண்ணில் அழைக்கலாம். ரோட்டைக் கடக்கும்போது மட்டும் ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொள்.

அன்புடன்,
மாமா