எருவோடு வரும் வளையம்

ஆடி பிறந்தால் விளாத்திகுளம் பக்கம் எருப் பேச்சுதான். புரட்டாசி விதைப்புக்கு முன்னால் கரிசலில் எரு சிதறியாகணும். வீட்டுக்கு வீடு மாடு நின்ற காலத்தில் இதில் கேள்வியே இல்லை. இப்போ குப்பைக்குழி சின்னதாகிப்போச்சு. லாரியில் வரும் கோழி எருவை வாங்கிப் போடலாமா என்று கூட்டங்களில் கேட்கிறார்கள். தழைச்சத்து, மணிச்சத்துக் கணக்குப் பார்த்தால் போடலாம். அந்தக் கணக்கில் வராத ஒன்றும் எருவோடு வருகிறது.

பாக்டீரியாவின் குணங்கள் பெரிய மரபணு இழை ஒன்றில் இருக்கின்றன. அதுபோக, சின்ன வளையங்களாகத் தனி இழைகளும் பல பாக்டீரியாக்களில் உண்டு. 1952இல் ஜோஷுவா லெடர்பெர்க் இவற்றுக்கு பிளாஸ்மிட் என்று பெயர் வைத்தார். இது தாயிடமிருந்து பிள்ளைக்குப் போவதோடு நிற்காது. பக்கத்தில் இருக்கும் வேறு இன பாக்டீரியாவுக்கும் போகும். இரண்டும் ஒட்டி நின்று, ஒன்று மற்றதுக்கு வளையத்தின் நகலைக் கொடுத்துவிடும். பக்கத்து வீட்டுக்கு உறை மோர் கொடுக்கிற மாதிரிதான்: கொடுத்த வீட்டிலும் தயிர் இருக்கும், வாங்கின வீட்டிலும் உறையும்.

வளையம் கெட்டது என்று நினைத்துவிட வேண்டாம். பட்டாணி வேரில் முடிச்சுப் போடும் ரைசோபியத்துக்கு அந்தக் குணமே பிளாஸ்மிட்டில்தான் இருக்கு. வளையம் எதைச் சுமக்கிறது என்பதுதான் விஷயம்.

1950களில் ஜப்பானில் சீதபேதிக் கிருமி ஒரே சமயத்தில் நாலு மருந்துக்கு அடங்காமல் போனது. குடலில் சும்மா கிடக்கும் ஈ.கோலையிடமிருந்தும் அந்த எதிர்ப்புக் குணம் அதற்குக் கைமாறும் என்று அங்கேதான் கண்டார்கள். எதிர்ப்பு மரபணுக்களில் பல ஒரு வளையத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவவும் செய்யும். (தாவும் மரபணுவை பார்பரா மெக்கிளின்டாக் முதலில் கண்டது நம்ம காட்டில் விளைகிற மக்காச்சோளத்தில். நோபல் பரிசு 1983இல்தான் வந்தது.)

கொலிஸ்டின் என்று ஒரு மருந்து. ஆஸ்பத்திரியில் வேறெதுவும் கேட்காதபோது கடைசியாக எடுப்பது. அதையே கோழி, பன்றி எடை கூடத் தீவனத்தில் கலந்தார்கள். 2015 நவம்பரில் சீனாவில் பன்றி, இறைச்சி, நோயாளி மூன்றிலும் கொலிஸ்டினை எதிர்க்கும் எம்சிஆர்-1 மரபணுவை பிளாஸ்மிட்டில் கண்டுபிடித்தார்கள். 2019 ஜூலையில் இந்திய அரசு உணவுக்கு வளர்க்கும் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தது. நல்லதுதான். ஆனால் அது ஒரு மருந்துக்கான தடை.

கோழி தின்ற மருந்தில் ஒரு பங்கு எச்சத்தோடு வெளியே வரும். அந்த மருந்திலும் சாகாத பாக்டீரியாவும் சேர்ந்து வரும். பச்சையாகச் சிதறினால் தழைக்கும் கிணற்றுக்கும் நம்ம கைக்கும் வந்து சேரும்.

அதனால் வாங்கும்போதே, தீவனத்தில் என்ன மருந்து போட்டீங்க, கடைசியாக எப்போ போட்டீங்க என்று கேளுங்க. பதில் வராத இடத்தில் வாங்காதீங்க. வாங்கினதை நறுக்கிய சோளத்தட்டையோடு கலந்து குவிக்கணும். கையில் பிடித்தால் பிடியாக நிற்கணும், தண்ணி சொட்டக்கூடாது. அமெரிக்க இயற்கை வேளாண் விதிப்படி, குவியல் 55 டிகிரி செல்சியஸுக்குக் குறையாமல் 15 நாள் இருக்கணும், அதற்குள் 5 தடவை புரட்டணும். வெப்பமானி இல்லையென்றால் கடப்பாரையை நடுவில் செருகி, கொஞ்ச நேரம் கழித்து உருவிப் பாருங்க. பிடிக்க முடியாத சூடு இருக்கணும். இதில் பெரும்பாலான கிருமி சாகும், மருந்தும் ஓரளவு சிதையும். முழுசாகப் போய்விடும் என்று சொல்லமாட்டேன்.

பச்சை எரு போட்டால், மண்ணைத் தொடும் விளைச்சலுக்கு அறுவடைக்கு 120 நாள் முன்னாலேயே மண்ணில் சேர்த்துவிடணும் என்கிறது அதே விதி. கொத்தமல்லித் தழையை நாம் 40, 45 நாளில் பறித்துவிடுவோம். அதற்குப் பச்சை எரு ஆகவே ஆகாது.

என்னைக் கேட்டால், மேய்ச்சலில் திரியும் வேம்பூர் ஆட்டுக்கிடை இந்த லாரி எருவைவிட மேல். ஊசி போட்ட ஆடு இருந்தால் மட்டும் சில நாள் கிடையிலிருந்து விலக்கி வையுங்க.

ஜீவாமிர்தத்துக்கும் இது பொருந்தும். வெல்லமும் பயறு மாவும் போட்டு நாம் பெருக்குவது பாக்டீரியாவைத்தான். எது உள்ளே போகுதோ அதுதான் பெருகும். மடிநோய்க்கு மருந்து ஏறிய மாட்டின் சாணம், கோமியம் அந்தப் பீப்பாய்க்கு வேண்டாம். பக்கத்து வீட்டு மாட்டுச் சாணம் ரெண்டு கூடை கேட்டால் யாரும் இல்லை என்று சொல்லமாட்டார்கள்.