கணிப்பொறியும் ஔகாரமும்

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் ஓர் இயந்திரம் பழுதுற்றால், அதனை அறிவிக்கப் பல அறிகுறிகள் உண்டு. எண்ணெய் வற்றினால் சூடேறும். உறுப்புகள் தேய்ந்தால் ஓசை மாறும். கம்பிச்சுருள் கருகினால் நாற்றம் எழும். கைதேர்ந்த தொழிலாளி தன் காதையும் மூக்கையும் துணையாகக் கொண்டே பழுதின் இருப்பிடத்தை நெருங்கிவிடுவான். இணையதளத்தின் பழுதோ அத்தகையதன்று. தளம் திறக்கும், எழுத்துகள் அழகாய்த் தோன்றும், ஆயினும் செய்யவேண்டிய பணியை மட்டும் அது செய்யாது. பழுது பார்ப்போர் பொறுமை இழப்பது இவ்விடத்திலேதான்.

ஆவடியில் ஒரு பள்ளி, தன் நூலகத்து நூற்பட்டியலை இணையதளமாக அமைத்திருக்கிறது என்று கொள்வோம். மாணவி ஒருத்தி 'ஔவை' என்று தட்டித் தேடுகிறாள். 'அவ்வாறு ஒரு நூலும் இல்லை' என்று விடை வருகிறது. பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்தாலோ, ஔவையாரின் நூல்கள் கண்முன்னே நிற்கின்றன! நூலும் இருக்கிறது, படிக்க விரும்புவோரும் இருக்கின்றனர், இடையே நிற்கும் தளம் இருவரையும் சேரவொட்டாமல் தடுக்கிறது. 'இல்லை' என்னும் விடையை நம்பித் திரும்பிச் சென்ற மாணவர் எத்தனை பேரோ!

இத்தகைய வேளையில் மக்கள் முதலிற் பழிப்பது இணைய இணைப்பை. அடுத்துக் கணிப்பொறியை அணைத்து மீண்டும் இயக்குவர். பின்னர் மூன்று நான்கு மாற்றங்களை ஒருங்கே செய்து, எதனால் என்ன நேர்ந்தது என்றே அறியாமற் குழம்புவர். முறையறிந்தவர் அவ்வாறு செய்யார். அவர் ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றிப் பார்ப்பார். வேறொரு கைப்பேசியிலும் அதே விடை வருகிறதா? வருகிறது, ஆகவே குற்றம் கணிப்பொறியினுடையது அன்று. 'கம்பர்' என்று தேடினால் நூல்கள் கிடைக்கின்றனவா? கிடைக்கின்றன, ஆகவே இணைப்பும் நலம், தேடும் பொறியமைப்பும் நலம். இனி எஞ்சியது அந்தச் சொல் ஒன்றே. பட்டியலில் உள்ள ஔவையின் பெயரைப் படியெடுத்துத் தேடுபெட்டியில் இட்டுப் பார்க்கிறார். என்ன வியப்பு! நூல்கள் அனைத்தும் வந்து நிற்கின்றன. விரலால் தட்டிய ஔவை வேறு. பட்டியலில் உள்ள ஔவை வேறு.

இஃது எவ்வாறு நேர்ந்தது? கணிப்பொறி எழுத்தை அறியாது, எண்ணையே அறியும். ஒருங்குறி என்னும் உலகப் பொதுக் குறியீட்டில் 'ஔ' என்னும் உயிரெழுத்துக்கு 2964 என்பது எண். 'ஒ' என்பதற்கு 2962. 'ள' என்பதற்கு 2995. பட்டியலைத் தட்டியவர், ஔகாரத்துக்குரிய விசையைத் தேடாமல், ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டிவிட்டார். திரையில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே தோன்றும். நம் கண் மன்னித்துவிடும், கணிப்பொறி மன்னிக்காது.

முன்னாளில் இத்தொல்லை இன்னும் பெரிதாயிருந்தது. 1990களில் ஒவ்வோர் எழுத்துருவும் தனக்கென ஓர் எண்வரிசையைக் கொண்டிருந்தது. உரிய எழுத்துரு இல்லாத கணிப்பொறியில் தமிழ்ப் பக்கம் பொருளற்ற கிறுக்கலாகவே தெரியும். 1999-இல் சென்னையில் கூடிய தமிழ் இணைய மாநாட்டின் பயனாகத் தமிழ்99 என்னும் விசைப்பலகை அமைப்பு வகுக்கப்பட்டது. 2010-இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்றது. கிறுக்கல் பெரும்பாலும் ஒழிந்தது. கண்ணுக்குத் தெரியாத பழுதோ எஞ்சி நின்றது.

காரணம் தெரிந்துவிட்டது, இனி எளிது என்று எண்ணுவோம். பட்டியல் முழுதும் 'ஒள' என்று வருமிடமெல்லாம் 'ஔ' என்று ஒரே கட்டளையால் மாற்றிவிட்டால் என்ன? மாற்றலாம். மறுகணமே 'ஒளி' என்னும் சொல்லும் 'ஒள்ளிய' என்னும் சொல்லும் உருக்குலைந்து போகும். ஒரு பழுதைத் தீர்க்கப் புகுந்து ஒன்பது பழுதுகளை ஈன்ற கதை இதுவே. ஆகவே, ளகரத்தின்மேற் புள்ளியோ உயிர்மெய்க் குறியோ வரும் சொற்களை விலக்கி, ஏனையவற்றை ஒவ்வொன்றாய்ப் பார்த்தே திருத்தல் வேண்டும்.

இதனோடு ஒத்த மற்றொரு சிக்கலும் உண்டு. 'கொடி' என்பதில் உள்ள ஒகரக் குறியை ஒரே எண்ணாகவும் எழுதலாம். ஒற்றைக் கொம்பு, கால் என இரண்டு எண்களாகவும் எழுதலாம். இவ்விரண்டும் ஒன்றே என ஒருங்குறி விதி கூறுவதால், நன்கு அமைந்த மென்பொருள் தானே அவற்றை ஒன்றாக்கிக்கொள்ளும். ஔகாரக் குழப்பத்துக்கு அவ்விதி உதவாது. ஏனெனில் 'ஒள' என்பது உண்மையிலேயே இரண்டு எழுத்துகள். அதனைப் பிழையென்று அறியத் தமிழறிவு வேண்டும்.

இவ்வளவும் திருத்திய பின், மாணவன் ஒருவன் திருக்கச்சி நம்பிகளின் வரலாற்றைத் தேடி, அவர் பிறந்த ஊராகிய 'பூந்தமல்லி'யின் பெயரைத் தட்டுகிறான். மீண்டும் 'இல்லை' என்றே விடை! இம்முறை எண்களிற் பிழையில்லை. நூல் 'பூவிருந்தவல்லி' என்னும் பெயரின்கீழ்ப் பதிவாகியிருக்கிறது. இரண்டும் ஓரூரே என்பதை அவ்வழியே பேருந்திற் செல்லும் சிறுவனும் அறிவான். கணிப்பொறிக்கு யாரும் சொல்லவில்லை. பட்டியலில் அந்நூலின் எதிரே இரு பெயர்களையும் எழுதிவைத்தல் வேண்டும்.